ஆண்கள் வந்தால்தான் மரியாதையா?

அன்புள்ள ஐயா,

நான் பல வருடங்களாக நர்ஸாக வேலை பார்க்கிறேன். இப்போது என் மகனும் நர்சிங் படிப்பில் சேர்ந்திருக்கிறான். ‘பொம்பளைங்க வேலைக்குப் போறானே’ என்று சொந்தக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். அதைக்கூட விட்டுவிடலாம். கூட வேலை பார்க்கும் ஒருவர், ‘நல்லதுதான், ஆம்பளைங்க நிறைய வந்தாத்தான் இந்த வேலைக்குச் சம்பளமும் மரியாதையும் கூடும்’ என்றார். பாராட்டாகத்தான் சொன்னார், ஆனால் எனக்கு வலித்தது. அவர் சொல்வது சரியா?

ஒரு வாசகி (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மகனுக்கு என் வாழ்த்துகள்.

சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வது சுலபம். ஐரோப்பிய மடங்களில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்களில் ஆண் துறவிகள் ஏராளம். 1860இல் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் லண்டனில் தொடங்கிய பயிற்சிப் பள்ளி பெண்களுக்கானது. பெண்களின் தொழில் என்ற எண்ணம் அந்த வழியில்தான் வேரூன்றியது. பிரிட்டனில் நர்ஸ்களின் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் ஆண்களை உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொண்டது 1960இல்தான். ஆண்களுக்கு விருப்பமில்லை என்பது பாதிக் கதை. கதவும் சாத்தியிருந்தது.

உங்கள் சக ஊழியர் சொன்னதற்குத்தான் யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். அவர் சொல்வது போல கணினித் துறையில் நடந்ததுண்டு. ஆனால் அதனால் யாருக்கு லாபம் என்று பார்க்க வேண்டும்.

1946இல் அமெரிக்காவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்ற ஆரம்பகால மின்னணுக் கணினிக்கு நிரல் (புரோகிராம்) அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அவர்களுக்குக் கையேடு எதுவும் தரப்படவில்லை. இயந்திரத்தின் வரைபடங்களை வைத்துக்கொண்டு, அது எப்படி வேலை செய்கிறது என்று தாங்களே புரிந்துகொண்டு, கேபிள்களை மாற்றிச் செருகி, சுவிட்சுகளைத் திருப்பி, கணக்கை அதில் ஏற்றினார்கள். இயந்திரத்தைக் கட்டுவதுதான் பெரிய வேலை, இதெல்லாம் குமாஸ்தா வேலை என்று அன்று நினைத்தார்கள். அதனால்தான் அது பெண்களிடம் வந்தது. செயல்விளக்கம் முடிந்து நடந்த விருந்துக்கு அவர்களை அழைக்கவும் இல்லை. அப்புறம் அந்த வேலைக்குப் பணமும் பெயரும் வந்தன, ஆண்கள் நிறைந்தார்கள். அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் பெண்கள் 1980களின் நடுவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இருந்தார்கள். அதன் பிறகு அந்தப் பங்கு சரிந்தது.

நர்சிங், நூலகம், ஆரம்பப் பள்ளி, சமூகப் பணி ஆகியவற்றில் இருந்த ஆண்களை ஆராய்ந்த சமூகவியலாளர் கிறிஸ்டின் வில்லியம்ஸ் 1992இல் இன்னொன்றையும் எழுதினார். அங்கே ஆண்களைப் பதவி உயர்வு தேடி வருகிறது. வேண்டாம் என்றாலும் மேலே தள்ளுகிறார்கள். ஆக, ஆண்கள் வந்தால் ஆண்களின் நிலை உயரும். வேலையின் மதிப்பு தானாக உயர்ந்துவிடாது.

மதிப்பு ஏன் குறைந்தது? திறமையை இயல்பு என்று சொல்லி வைத்ததால் என்பேன். எழ முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள். இடுப்பெலும்புப் பக்கம் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டிய சிவப்பு வெளுக்கவில்லை என்றால், படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று உங்களுக்குத் தெரியும். இது படித்தும் பழகியும் வந்த அறிவு. இதைத் தாய்மை, அன்பு, பொறுமை என்று புகழ்ந்துவிட்டால் சம்பளம் தர வேண்டியதில்லை. அந்தப் புகழ்ச்சி எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

எனவே அவர் சொன்னது சரியில்லை. உங்களுக்கு வலித்ததுதான் நியாயம். இத்தனை வருடம் நீங்கள் செய்த வேலைக்கே அந்தச் சம்பளம் வந்திருக்க வேண்டும்.

மகனிடம் சொல்லுங்கள்: கனமான நோயாளியைத் தூக்க அவனை மட்டும் கூப்பிட்டால் தூக்கட்டும், தூக்கும் கருவி ஏன் வாங்கவில்லை என்றும் கேட்கட்டும். பொறுப்பாளர் பதவிக்கு அவன் பெயர் வந்தால், அவனைவிட அனுபவம் உள்ளவர்களின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். சம்பள உயர்வு கேட்கும் நாளில் உங்களோடு சேர்ந்து நின்று கேட்கட்டும்.

அன்புடன்.