ஊருக்குத் தெரியும் முன் அக்காவுக்கு

கேள்வி: எனக்கு வயது 26. கோத்தகிரிக்காரன், சென்னையில் ஐடி வேலை. நான் கே (ஆண்கள் மேல் ஈர்ப்புள்ளவன்) என்பது அங்கே ரூம் நண்பர்களுக்கும் ஆபீஸில் சிலருக்கும் தெரியும். பொங்கலுக்கு வந்தால் பெண் பார்க்கப் போகலாம் என்கிறார் அம்மா. வீட்டில் சொல்லிவிடலாமா?

பதில்: சொல்லலாம் தம்பி. ஆனால் சென்னையில் ஒருவரிடம் சொன்னால் அவரோடு நிற்கும். கோத்தகிரியில் காலையில் சொன்னது சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடும். அதனால் முதல் ஆள் முக்கியம். அக்காவோ சித்தியோ, வாய் காக்கிற ஒருவரிடம் தொடங்குங்கள். பிறகு அம்மாவிடம் பேசும்போது அவர் உங்கள் பக்கத்தில் இருப்பார்.

பொங்கலன்று வேண்டாம், வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். கூட்டம் கலைந்த பிறகு, ஒரு பகல் நேரத்தில் பேசுங்கள். நிலைமை கெட்டால் மேட்டுப்பாளையம் இறங்க பஸ் இருக்க வேண்டும். கோவையில் ஒரு நண்பர் வீட்டில் முன்பே சொல்லி வையுங்கள். ஆதாரும் சான்றிதழ்களும் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

பெரிய வார்த்தைகள் தேவையில்லை. "எனக்குப் பெண்கள் மேல் ஈர்ப்பு வராதும்மா, சின்ன வயசிலிருந்தே இப்படித்தான்" என்றால் போதும். சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லையா? சரி, "கல்யாணம் வேண்டாம்" என்று மட்டும் சொல்லுங்கள். ஆனால் பெண் வீட்டில் போய் மட்டும் உட்காராதீர்கள். அந்தப் பெண்ணுக்கு ஆசை காட்டுவது பெரிய தப்பு.

டாக்டரிடம் காட்டிச் சரிசெய்யலாம் என்று யாராவது கிளம்பலாம். இது நோயே இல்லை. வயது வந்த இருவர் சம்மதத்தோடு சேர்வது குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6 அன்றே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்படி "மாற்றும்" சிகிச்சைக்கு 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் அதை மருத்துவரின் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

அந்த 2021 வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இதெல்லாம் புதிது என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பேசித் தெரிந்துகொண்டார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டு. நீதிபதிக்கே அப்படிக் கற்க வேண்டியிருந்தது. அம்மா முதல் நாள் அழுதாலோ, பேசாமல் முகம் திருப்பினாலோ, அதையே அவர் முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சென்னை திரும்பியதும் வழக்கம்போலப் போன் பண்ணுங்கள், தேயிலை விலையைக் கேளுங்கள். மனம் தாங்காத ராத்திரிகளில் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.