எச்410 மதர்போர்டுல 8 ஜிபி ராம 16 ஆக்கணும், கடைல 3600 ஆர்ஜிபி ராம் வாங்க சொல்றாங்க, வாங்கலாமா? சிஎல் நம்பரும் பாக்கணுமா?

வேணாம். கலர் கலரா லைட் எரியறத பாக்க ஆசைன்னா வாங்குங்க, அது உங்க இஷ்டம், ஆனா ஸ்பீடுக்காகன்னா ஒரு ரூபா கூட அதிகமா குடுக்காதீங்க.

நீங்க சொன்னது ஐ5-10400 ப்ராசசர், எச்410 போர்டு, உள்ள ஏற்கனவே 2666 ஸ்பீடுல ஒத்த 8 ஜிபி ஸ்டிக்கு, போட்டோஷாப்பும் க்ரோமும் ஒண்ணா திறந்தா திணறுது. இந்த ப்ராசசருக்கு இன்டெல் சொல்ற மெமரி ஸ்பீடே 2666 தான். அதுக்கு மேல ஓட்டணும்னா அந்த வரிசைல இசட்490 போர்டு வேணும், எச்410 விடாது. சரி, 3600 ராம் போட்டா அது தானா 2666க்கு இறங்கி ஓடிட்டு போகுதுன்னு தான் எல்லாரும் நினைப்பாங்க, கடைக்காரரும் அதத்தான் சொல்லிருப்பார். இங்க தான் சிக்கலே இருக்கு.

ஒவ்வொரு ராம் ஸ்டிக்லயும் எஸ்பிடின்னு குட்டியா ஒரு சிப் இருக்கும், இந்த ஸ்டிக் எந்தெந்த ஸ்பீடுல எந்த டைமிங்ல ஓடும்னு அதுல எழுதி வச்சிருப்பாங்க, போர்டு ஆன் ஆகும்போது முதல்ல அத தான் படிக்கும். கேமிங் ராம்ல டப்பா மேல பெருசா போட்டிருக்கிற 3600 பெரும்பாலும் எக்ஸ்எம்பி ப்ரொஃபைல்ல, அதாவது ஸ்டாண்டர்டுக்கு மேல ஓட்ட கம்பெனி தனியா எழுதி வைக்கிற செட்டிங்ல, மட்டும் தான் இருக்கும், அதுவும் 1.35 வோல்ட்ல. எக்ஸ்எம்பி இல்லாத ஸ்டாண்டர்ட் கணக்குல பாத்தா நிறைய ஸ்டிக்ல 2133, இல்லன்னா 2400 தான் எழுதி இருக்கும். போர்டு எக்ஸ்எம்பிய ஏத்துக்கலன்னா நேரா அந்த 2133க்கு போய் உக்காந்துக்கும். ரெண்டு ஸ்டிக் போட்டா ரெண்டும் ஒரே ஸ்பீடுல தான் ஓடணும், ரெட்டை மாட்டு வண்டி மாதிரி தான், மெதுவா நடக்கிற மாடு தான் வண்டியோட வேகம். அப்ப என்ன ஆகும், இப்ப 2666ல நல்லா ஓடிட்டு இருக்கிற உங்க பழைய ஸ்டிக்கையும் புதுசு கீழ இழுத்துரும். கூட காசும் குடுத்து ஸ்பீடையும் குறைச்சுக்கிறதுக்கு எதுக்கு கடைக்கு போகணும்?

உங்களுக்கு வேண்டியது மேல சூடு தணிக்கிற தகடு (ஹீட் ஸ்ப்ரெடர்) கூட இல்லாத, பச்சை கலர்ல மொட்டையா இருக்கிற சாதா டிடிஆர்4 ஸ்டிக்கு, உங்க போர்டு ஏத்துக்கிற ராம் தலைமுறை அது தான். 2666 கிடைச்சா அது, இல்லன்னா 1.2 வோல்ட்ல ஓடற 3200. இந்த மாதிரி 3200 ஸ்டிக்ல 3200ங்கிறது ஸ்டாண்டர்ட் கணக்குலயே இருக்கும், எக்ஸ்எம்பி தேவையே இல்ல, உங்க போர்டு 2666 கேட்டா சத்தமில்லாம இறங்கி குடுத்துரும்.

கடைல ஸ்டிக்க கைல வாங்கி ஸ்டிக்கர படிங்க. சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான் ஸ்டிக்ல எல்லாம் இப்படி ஒரு வரி இருக்கும்: 8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2666வி-யுஏ2-11. பிசி4ன்னா டிடிஆர்4, அடுத்தது ஸ்பீடு, அதுல ஒட்டி இருக்கிற வி டைமிங்க குறிக்கும், சிஎல்19ன்னு அர்த்தம் (சிஎல்னா கேட்டத குடுக்க ராம் எடுத்துக்கிற தாமதத்தோட நம்பர்). நீங்க கண்ண விரிச்சு பாக்க வேண்டியது அதுக்கு அடுத்து வர்ற எழுத்த. யு இருந்தா சாதா டெஸ்க்டாப் ராம். எஸ் இருந்தா லேப்டாப் ராம், அது நீளமே பாதி தான் இருக்கும்ங்கறதால யாரும் ஏமாற மாட்டாங்க. ஆர் இருந்தா தான் ஆபத்து, அது சர்வர்ல இருந்து கழட்டின ரெஜிஸ்டர்ட் ராம், அதுக்கும் 288 பின் தான், உங்க ஸ்லாட்ல அழகா உக்காரும், ஆனா பிசி ஆன் ஆகாது. செகண்ட்ஸ்ல ரொம்ப மலிவா 16 ஜிபி ஸ்டிக்குன்னு விக்கிறதுல நிறைய இந்த வகையறா தான்.

செகண்ட்ஸே கூடாதுன்னு நான் சொல்லல. 2025 கடைசில இருந்து ராம் விலை தாறுமாறா ஏறிப்போச்சு, ஏஐ டேட்டா சென்டருக்கே மெமரி எல்லாம் போகுது, மைக்ரான் அந்த டிசம்பர்ல க்ரூஷியல்ங்கிற ரீட்டெய்ல் பிராண்டையே மூடறோம்னு அறிவிச்சுட்டாங்க, பழைய டிடிஆர்4 கூட விலை ஏறாம தப்பிக்கல. அதனால ஆபீஸ் டெஸ்க்டாப்ல இருந்து கழட்டின 2666 ஸ்டிக் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்துல கிடைச்சா தாராளமா பாக்கலாம். ஹார்ட் டிஸ்க் மாதிரி சுத்தி சுத்தி தேயற சாமான் இல்ல இது. டெஸ்ட் பண்ணி மாத்தி தர ஒத்துக்கிற கடையா மட்டும் பாத்துக்கோங்க, பில்லுல எழுதி வாங்குங்க.

இன்னொரு 8 ஜிபி போட்டா ரெட்டிப்பு மெமரிங்கறது மட்டும் இல்ல, டூயல் சேனலும் வந்துரும், அதாவது ப்ராசசர் ரெண்டு ஸ்டிக்கோடயும் ஒரே நேரத்துல பேசும். இப்ப ஒத்த ஸ்டிக்ல செகண்டுக்கு சுமார் 21 ஜிபி தான் அதிகபட்சம் போய் வர முடியும், ரெண்டு போட்டா 42க்கு மேல. உங்ககிட்ட தனி கிராபிக்ஸ் கார்டு இல்ல, ப்ராசசர் உள்ள இருக்கிற யுஎச்டி 630 தான் படம் காட்டுதுன்னா அதுவும் இதே ராம தான் பங்கு போட்டுக்கும், அப்ப வித்தியாசம் நல்லாவே தெரியும். போட்டோஷாப்ல பெரிய ஃபைல் போடறவரா இருந்தா 8க்கு பதிலா ஒரே 16 ஸ்டிக் வாங்கி பழைய 8 கூட சேத்து 24 ஆக்கலாம், ரெண்டு ஸ்டிக்கோட அளவு ஒண்ணா இல்லாட்டியும் இன்டெல்ல ஓடும், 16 ஜிபி வரைக்கும் டூயல் சேனல், மிச்ச 8 சிங்கிள். ஜோடி சரியா இருந்தா தான் ஓடும்னு மிரட்டறவங்கள கண்டுக்காதீங்க.

சிஎல் நம்பர பத்தியும் கேட்டிருந்தீங்க. உங்க கேசுல அது கணக்கே இல்ல, விடுங்க. ஆனா பொதுவா தெரிஞ்சுக்கணும்னா சிஎல்ல 2000ஆல பெருக்கி ஸ்பீடால வகுத்தா தாமதம் (லேட்டன்சி) எத்தனை நானோசெகண்ட்னு வரும். 3200 சிஎல்16க்கு 10, 3600 சிஎல்18க்கும் 10, டிடிஆர்5 6000 சிஎல்30க்கும் அதே 10. நம்பர் பெருசாக பெருசாக லேட்டன்சியும் குறைஞ்சுடும்னு நினைக்கிறவங்க ஒரு தடவ இந்த கணக்க போட்டு பாக்கட்டும்.

டிடிஆர்5 உங்க போர்டுல போடவே முடியாது, பின் எண்ணிக்கை ஒண்ணா இருந்தாலும் நடு வெட்டு வேற இடத்துல இருக்கும், அழுத்தி திணிக்க பாக்காதீங்க. அடுத்து ஏஎம்5 (ஏஎம்டி ரைசனோட சாக்கெட்) மாதிரி புது பிசி கட்டும்போது வேணா பாத்துக்கலாம், அப்ப ரெண்டு ஸ்டிக்கோட நிறுத்திக்கோங்க, நாலு ஸ்லாட்டையும் ரொப்பினா ஸ்பீடு மளமளன்னு விழும். ரைசன் 7000க்கு ரெண்டு ஸ்டிக்னா 5200, நாலுன்னா 3600ன்னு ஏஎம்டியே போட்டிருக்காங்க.

ஆங், வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. திணறும்போது கண்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் அமுக்கி டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் போய் மெமரிய பாருங்க. 8ல 7.5க்கு மேல நிக்குதுன்னா ராம் தான் பத்தல. 5ல நிக்குது, ஆனா டிஸ்க் 100 சதவீதம் காட்டுதுன்னா விண்டோஸ் இன்னும் ஹார்ட் டிஸ்க்ல கிடக்குதுன்னு அர்த்தம், காச எஸ்எஸ்டில போடுங்க. ஸ்லாட் ரெண்டுல எத்தனை காலியா இருக்குன்னும் அதே பக்கத்துல தெரியும்.

மாட்டும்போது ப்ளக்க பிடுங்கிட்டு பவர் பட்டன ஒரு தடவ அமுக்கி விட்டுட்டு, கேபினெட் இரும்ப தொட்டுட்டு ஸ்டிக்க எடுங்க. ரெண்டு பக்கமும் ஒரே அழுத்தா, டக்குன்னு சத்தம் கேக்கிற வரைக்கும் அழுத்தணும், பயந்து பயந்து அழுத்தினா ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்கும், டிஸ்ப்ளே வராது. செகண்ட்ஸ் ஸ்டிக்னா தங்க கலர் பின்ன பென்சில் ரப்பரால மெதுவா தேய்ச்சு தூசிய ஊதிட்டு மாட்டுங்க. ஆன் ஆனதும் மறுபடி அதே டாஸ்க் மேனேஜர்ல ஸ்பீடு 2666ன்னு காட்டுதான்னு பாருங்க, அப்புறம் ராம டெஸ்ட் பண்ற மெம்டெஸ்ட்86ங்கிற சாஃப்ட்வேர பென் டிரைவ்ல போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்க. ஒரே ஒரு எரர் வந்தா கூட பில்ல எடுத்துட்டு மறுநாளே கடைக்கு போயிருங்க, "ஓடுது இல்ல சார், அப்படியே யூஸ் பண்ணுங்க"ன்னு சொல்லுவாங்க, ஒத்துக்காதீங்க.