ஆள் பிடித்து நடக்கும் மகள்: அருமனை அம்மாவுக்குச் சொன்னது

போன வாரம் குமரி மாவட்டம் அருமனைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகளோடு என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார். மகள் நாகர்கோவிலில் பி.காம். இரண்டாம் ஆண்டு. அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு, கூடவே முப்பது தேன்பெட்டி. "பிள்ளை புஸ்தகத்தைத் தொடமாட்டா சார். ஏதோ தொழில்முனைவோர் கிளப்பாம், அதுக்கு ஆள் பிடிச்சிட்டு நடக்கா" என்று கண் கலங்கினார். வளைகுடாவில் இருக்கும் தாய்மாமன், டிகிரி முடிந்ததும் பெங்களூரில் எம்.பி.ஏ. சேர்க்கச் சொல்கிறாராம். நுழைவுத்தேர்வு மதிப்பெண்கூட வேண்டாம், 10 லட்சம் கடன் எடுத்தால் போதுமாம்.

ஆறுதல் சொல்லத்தான் வாயெடுத்தேன். கடன் என்றதும் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். 10 லட்சம், 11 சதவீத வட்டி, 10 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 13,800 ரூபாய். படிக்கிற காலத்து வட்டி தனி. ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பெரும்பாலும் அடமானம் கேட்கும். பால்வெட்டுக்காரர் வீட்டில் அடமானத்துக்கு வீட்டுப் பத்திரத்தைத் தவிர என்ன இருக்கிறது? மதிப்பெண் கேட்காமல் இடம் தருகிற கல்லூரிக்காக அந்தப் பத்திரம் வெளியே போகக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. பற்றியெல்லாம் ஊரில் எல்லாரும் சொல்வார்கள், அதை விடுகிறேன்.

மகளிடம் கேட்டேன்: "எத்தனை பேர் சேர்ந்தாங்க மக்களே?" வாட்ஸ்ஆப் குழுவில் 43 பேர், முதல் கூட்டத்துக்கு வந்தது 6 பேர். பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக் காட்டினாள். வராத 37 பேரின் பெயருக்கு எதிரே காரணம் எழுதி வைத்திருந்தாள். அதில் "பஸ்" என்று மட்டும் பத்தொன்பது இடத்தில் இருந்தது. அம்மா, உங்கள் மகளின் நாட்டம் அந்த நோட்டில்தான் இருக்கிறது. ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதி வைக்கிற பழக்கத்தை எந்த எம்.பி.ஏ.வும் எளிதில் தந்துவிடாது.

அவளுக்கு நான் சொன்னது இதுதான். கூட்டத்தை மாலையில் வைக்காதே, மதிய இடைவேளையில் வை. குலசேகரம் பஸ்ஸை விட்டுவிட்டு எந்தப் பிள்ளையும் உட்காராது. மூன்றாம் ஆண்டுக்காரர்களைத் துரத்தாதே, அடுத்த வருடம் இருக்க மாட்டார்கள். முதலாம் ஆண்டில் தேடு. "தொழில்முனைவோர் ஆக ஆசையா?" என்று கேட்டால் ஓடிவிடுவார்கள். "உங்க வீட்டில் எது மிஞ்சி வீணாகுது?" என்று கேள், வாய் திறப்பார்கள்.

அப்புறம், அப்பாவிடமிருந்து நுரை கட்டிய தேன் பாட்டில் ஒன்றை வாங்கிக் கூட்டத்தில் நடு மேசையில் வை. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர்விடும்போது இலைக்காம்பில் ஊறும் இனிப்பைத்தான் நம் தேனீக்கள் எடுக்கின்றன. அந்தத் தேனில் ஈரம் அதிகம். ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினால் உணவுத் தர விதி இடம் தராது. நாள்பட்டால் நுரைத்துப் புளிக்கும். இதை எப்படிச் சரிசெய்வது என்று கேட்டுவிட்டு நீ பேசாமல் இரு. வேதியியல் படிக்கிறவள் அளந்து பார்க்கலாம் என்பாள். களியக்காவிளைக்காரன் கேரள எல்லை தாண்டி மலையாளத்தில் பேசி விற்கத் தயார் என்பான். தோவாளைப் பூச்சந்தையில் விடிகாலை விலை கேட்டு வளர்ந்த பையன் இருந்தால் விடாதே. கடன் சொன்னவனிடம் கூசாமல் காசு கேட்கத் தெரிந்த ஒருத்தி கட்டாயம் வேண்டும். ஆளுக்கு ஒரு வாரம் ஒரு வேலை கொடு, முடித்தால் பெயரை எழுது. சான்றிதழ் கிடைக்குமா என்று முதல் கேள்வி கேட்பவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தேன் வரத்து. அதற்குள் எட்டுப் பேர் நிலைத்தால் போதும். 20 கிலோ எடுத்தால் 250 கிராமில் 80 பாட்டில். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம், சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம். இரண்டுக்கும் புரோக்கரிடம் போகாதே. அப்பாவின் கூலிப்பணத்தில் ஒரு ரூபாய்கூட இதில் போடக் கூடாது. உறுப்பினர்கள் ஆளுக்கு 100 ரூபாய் போடட்டும். அரியர் ஒன்று விழுந்தாலும் அந்த செமஸ்டர் கிளப் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். சம்மதித்தாள்.

பட்டம் வாங்கிய பிறகும் இதே நாட்டம் இருந்தால் நாகர்கோவில் கோணம் பகுதியில் மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கிராமப்புறப் பெண்ணுக்குத் திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம். அன்றைக்கு அவளோடு நானே வருகிறேன்.

மாமா அடுத்த முறை கூப்பிடும்போது என் நம்பரைக் கொடுங்கள் அம்மா, நான் பேசுகிறேன். பத்திரம் அலமாரியிலேயே இருக்கட்டும்.