காற்றாலை பற்றிக் கேட்டவர்களுக்கு

தென்மாவட்டங்களில் காற்றாலைப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

கயத்தாறு விவசாயி ஒருவர்: காற்றாலை வந்த பிறகுதான் மழை குறைந்துவிட்டது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இறகுகள் மேகத்தைக் கலைத்துவிடுமா தம்பி?

கலைக்காது ஐயா. இன்று நிறுத்தும் பெரிய மெஷினிலேயே இறகின் நுனி உச்சிக்குப் போகும்போது தரையிலிருந்து 200 மீட்டர் அளவில்தான் இருக்கும். 90களில் நட்டவை அதில் பாதிகூட வராது. மழை மேகமோ கிலோமீட்டர் கணக்கில் எழும்பி நிற்பது.

அதைவிட முக்கியமானது காலம். நம் பக்கம் பலமாக அடிப்பது தென்மேற்குப் பருவக்காற்று. அது கேரளத்தில் மலையேறும்போதே ஈரத்தைக் கொட்டிவிட்டு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக வறண்டு இறங்குகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்ன காலத்தில் காற்றாலை ஏது? நம் குளங்கள் நிறைவது ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழையால். அப்போது இந்த மெஷின்கள் பெரும்பாலும் சும்மாதான் நிற்கும். நிற்கிற இறகு எந்த மேகத்தைக் கலைக்கும்?

ஒன்று மட்டும் உண்மை. இறகுக்குப் பின்னால் காற்று கலங்கும். அதனால் இரவில் தரையை ஒட்டிய வெப்பம் சற்று மாறுவதை அமெரிக்காவின் டெக்சாஸில் அளந்திருக்கிறார்கள். அதற்கும் மழை பொய்ப்பதற்கும் தொடர்பில்லை.

உடுமலைப்பேட்டை கல்லூரி மாணவி: நல்ல காற்றடிக்கும் நாளிலும் சில காற்றாலைகள் நிற்கின்றனவே, ஏன் சார்?

சில பழுதாக இருக்கும். காற்று விநாடிக்கு 25 மீட்டரை நெருங்கினால் மெஷின் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றுவிடும். ஆனால் காற்று சீசனில் இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிறுவியிருக்கிறோம். நடுராத்திரி மின்தேவை குறைந்து காற்று மட்டும் கூடினால், கிரிட், அதாவது மின்சாரத்தை ஊரெங்கும் கொண்டுபோகும் கம்பி வலை, தாங்காது என்று உற்பத்தியைக் குறைக்கச் சொல்வார்கள். ஓசியில் வரும் காற்றை அப்படியே விட்டுவிடுவது எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கும். சேமித்து வைக்க வழி இருக்கிறது அம்மா. உங்களுக்குப் பக்கத்தில் ஆனைமலைத் தொடரில் இருக்கும் காடம்பாறை நீர்மின் நிலையம் பாருங்கள், 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். அதுபோல் இன்னும் பல வேண்டும்.

தென்காசியிலிருந்து ஒரு பள்ளி மாணவர்: இறகு சுற்றாமல் நிற்கும்போது காற்றாலையின் தலை மட்டும் மெதுவாகத் திரும்புவதைப் பார்த்தேன். ஏன் அண்ணா?

நன்றாகக் கவனித்திருக்கிறாய் தம்பி! மேலே பெட்டி போல் இருப்பதை நாங்கள் நேசல் என்போம். கியர்பாக்ஸ், ஜெனரேட்டர் எல்லாம் பெரும்பாலும் அதற்குள்தான். காற்று திரும்பும் பக்கமெல்லாம் நேசலும் திரும்பும். அதிலிருந்து கனமான கேபிள்கள் டவருக்குள் தொங்குகின்றன. ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருந்தால் அவை கிணற்றுக் கயிறு போல முறுக்கேறிவிடும். சில சுற்று ஆனதும் சென்சார் சொல்லும். மெஷின் இறகை நிறுத்திவிட்டு, தலையை எதிர்ப்பக்கம் சுற்றி முறுக்கை எடுக்கும். நீ பார்த்தது அதுவாகத்தான் இருக்கும்.

சென்னை, அடுக்குமாடி வாசி: மொட்டை மாடியில் சின்னக் காற்றாலை வைக்கலாமா?

வேண்டாம் சார். காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். கட்டடங்களுக்கு நடுவே வரும் காற்று வேகம் குறைந்து, சுழன்று வரும். அந்தக் காசுக்குச் சோலார் போடுங்கள்.

பல்லடம் மில் உரிமையாளர்: முப்பந்தலில் எங்களுக்கு 1995-ல் போட்ட 250 கிலோவாட் மெஷின் இருக்கிறது. அதை எடுத்துவிட்டுப் பெரியது வைக்க முடியுமா?

வைக்கத்தான் வேண்டும், ஆனால் தனியாக முடியாது. ஒரு மெஷின் கலக்கிய காற்று அடுத்ததைக் கெடுக்காமலிருக்க, காற்றடிக்கும் திசையில் இறகு வட்டத்தின் விட்டத்தைப் போல் சுமார் 7 மடங்கு இடைவெளி விடுவது வழக்கம். உங்கள் மெஷினின் விட்டம் 30 மீட்டர் அளவு. 210 மீட்டர் போதும். புதியது 140 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். அதற்குள் நிற்கும் மற்ற மெஷின்கள் வேறு வேறு மில்காரர்களுடையவை. எல்லோரும் சேர்ந்து பங்கு பேசினால்தான் நடக்கும். நம்மிடம் இருப்பதிலேயே நல்ல காற்று வரும் கணவாய் வாசலை மிகப் பழைய மெஷின்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. இதை நீங்களே முன்னெடுத்துப் பக்கத்துக்காரர்களிடம் பேசுங்கள்.

ராதாபுரம், நில உரிமையாளர்: நிலத்தைக் குத்தகைக்குக் கேட்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

வாடகையை மட்டும் பார்க்காதீர்கள் அக்கா. கிரேனும் இறகு ஏற்றிய லாரியும் வர எவ்வளவு அகலத்துக்குப் பாதை எடுப்பார்கள், மழைத்தண்ணீர் ஓடும் வழியை மறிப்பார்களா என்று முதலில் கேளுங்கள். பெரிய மெஷினின் அடியில் சில நூறு கனமீட்டர் கான்கிரீட் புதையும். ஆயுள் முடிந்ததும் அதை யார் செலவில், எத்தனை அடி ஆழம் வரை தோண்டி எடுப்பது என்பது பத்திரத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது, கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.