பூனையின் உதட்டைத் தூக்கிப் பாருங்கள்: வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

கேள்வி: எங்கள் மெய்ன் கூன் பூனைக்கு மூன்று வயது, ஆண், ஏழரைக் கிலோ இருக்கிறான். நாலைந்து மாதமாகப் பக்கத்தில் வந்து கொட்டாவி விட்டாலே அழுகின மீன் வாடை. உதட்டை விலக்கிப் பார்த்தால் கடைவாய்ப் பக்கம் ஈறு ஓரமாக ஒரு சிவப்புக் கோடு தெரிகிறது. குட்டியை விற்றவர் “இந்த பிரீடுக்கே அப்படித்தான்” என்கிறார். மாமியார் கிராம்புத் தைலம் தடவச் சொல்கிறார். இங்கே காட்டிய டாக்டரோ மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது டாக்டர். என்ன செய்யட்டும்?
வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதல் வேலையாக அந்தக் கிராம்புத் தைலத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். நம் வீடுகளில் பல்வலிக்கு அதுதான் கைமருந்து, மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் பூனையின் ஈரலுக்கு அந்த மாதிரிப் பொருட்களை உடைத்து வெளியேற்றும் சக்தி மிகவும் குறைவு, உள்ளே போனால் விஷமாகிவிடும். இதே காரணத்தால்தான் பாராசிட்டமால் மாத்திரையில் அரைத் துண்டுகூடப் பூனையின் உயிரைக் குடித்துவிடும். வலிக்கிறதே பாவம் என்று யாராவது கொடுத்துவிடப் போகிறார்கள், வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

அடுத்தது அந்த “பிரீடுக்கே அப்படித்தான்” பேச்சு. இதை நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை, கேட்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது. மெய்ன் கூனுக்கு ஈறு நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பது உண்மை, சயாமீஸ், பெர்சியன், அபிசீனியன் இனங்களுக்கும் அப்படித்தான். வாய்ப்பு அதிகம் என்றால் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று அர்த்தமே தவிர, விட்டுவிடலாம் என்று இல்லை. ஆரோக்கியமான பூனையின் வாய் நாறாது. ஈறு வெளிர் ரோஜா நிறத்தில் இருக்கும். சிவப்புக் கோடு வந்துவிட்டால் அங்கே அழற்சி தொடங்கிவிட்டது, பல்லின் மேல் படிந்த பாசி எச்சிலில் உள்ள உப்புகளோடு சேர்ந்து சில நாட்களிலேயே காரையாக இறுகி, கிருமிகள் ஈறுக்கு அடியில் இறங்க ஆரம்பித்துவிட்டன. இந்த நிலையில் பிடித்தால் ஈறு பழையபடி ஆகிவிடும். அதைத் தாண்டி பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துவிட்டால் திரும்ப வராது.

பூனை வலியை மறைக்கும். தட்டில் இருப்பதைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கும், அதனால் நமக்குத் தெரியாது. நான் பார்த்த ஒரு மெய்ன் கூனை வாய்க்காகக் கூட்டி வரவே இல்லை, நெஞ்சு ரோமமும் வயிற்று ரோமமும் சிக்குப் பிடித்துவிட்டது, ட்ரிம் பண்ண வேண்டும் என்றுதான் கூட்டி வந்தார்கள். நாக்கை நீட்டி நக்கினால் வாய் வலித்திருக்கிறது, அதனால் அது தன்னைச் சுத்தம் செய்வதையே நிறுத்தியிருந்தது. உதட்டைத் தூக்கினால் கீழ்த்தாடையில் கோரைப்பல்லுக்குப் பின்னால் வரும் முதல் பல்லின் கழுத்துப் பகுதியில் ஈறு ஏறி ஒரு சிவப்புப் புள்ளி. அந்த இடத்தை லேசாகத் தொட்டதும் தாடை கடகடவென்று நடுங்கியது. பலர் இதைச் சொத்தை என்பார்கள். பூனைக்குச் சொத்தை வருவது அரிதிலும் அரிது. இது பல்லை உடம்பே கரைத்துக்கொள்ளும் நோய், அடைத்துச் சரிசெய்ய முடியாது, எடுக்க வேண்டியதுதான். உங்கள் பூனைக்கு அது இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லிவிட முடியாது, பாதிக்கு மேல் ஈறுக்குள்ளேயே இருப்பதால் பல் எக்ஸ்ரே வேண்டும். எல்லா கிளினிக்கிலும் அந்த வசதி இல்லை, போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

சரி, மயக்க மருந்து. உங்கள் பயம் நியாயமானது. ஆனால் மயக்கம் இல்லாமல் பூனையைப் பிடித்து வைத்துச் சுரண்டுவதில் கண்ணுக்குத் தெரியும் காரை மட்டும்தான் போகும், ஈறுக்கு அடியில் இருப்பது அப்படியே இருக்கும். பல் வெள்ளையாகத் தெரிவதால் நமக்கு நிம்மதி, நோய்க்கும் நிம்மதி. அதைச் செய்யாதீர்கள். மெய்ன் கூனுக்கு நீங்கள் கேட்க வேண்டியது வேறு ஒன்று: இதயம். இதயத் தசை தடித்துப்போகும் ஹெச்.சி.எம். என்ற நோய் இந்த இனத்தில் பரம்பரையாக வருகிறது, அதற்குக் காரணமான ஒரு மரபணு மாற்றத்தை 2005-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஸ்டெதஸ்கோப்பில் எதுவும் கேட்காமலேயே நோய் இருக்கலாம். மரபணு டெஸ்ட் நல்லபடி வந்தாலும் நோய் வராது என்று சொல்ல முடியாது. அதனால் மயக்கம் கொடுப்பதற்கு முன் ஒரு எக்கோவும் (இதய ஸ்கேன்) ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். இதயத்தில் தொந்தரவு இருப்பது முன்கூட்டியே தெரிந்தால் எந்த மருந்து கொடுப்பது, டிரிப்ஸ் எவ்வளவு ஏற்றுவது என்று டாக்டர் பார்த்து முடிவு செய்வார். எக்கோவுக்குச் செலவு ஆகும்தான், இந்த இனத்தில் அதை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பல் எடுக்கச் சொன்னாலும் மனசு உடைந்துவிடாதீர்கள். நான் சொன்ன பூனைக்குக் கடைவாய்ப் பற்கள் ஐந்து எடுத்தோம். நாலாம் நாள் தட்டைக் காலி பண்ணியது, அப்புறம் இரண்டு வாரத்தில் ஜன்னல் திட்டில் உட்கார்ந்து நெஞ்சு ரோமத்தை நக்கிக்கொண்டிருக்கும் போட்டோவை அந்த வீட்டுப் பெண் அனுப்பினாள். ஒரு பல் கூட இல்லாத பூனைகள் நன்றாகச் சாப்பிட்டு வாழ்கின்றன.

கேள்வி: ஏழு மாத மெய்ன் கூன் குட்டி. பல் முளைக்கும்போது ஈறு சிவந்தது, இன்னும் போகவில்லை. பொறுத்துப் பார்க்கலாமா?
வாசகர், மதுரை

பதில்: இல்லை, காட்டிவிடுங்கள். 26 பால்பற்கள் விழுந்து 30 நிரந்தரப் பற்கள் வரும் காலம் கிட்டத்தட்ட ஆறேழு மாதத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகும் ஈறு தடித்துப் பல்லின் மேல் ஏறினால், தொட்டால் ரத்தம் வந்தால், அது பல் முளைக்கும் சிவப்பு இல்லை, இளவயது ஈறு அழற்சி. இந்த வயதில் ஒழுங்காகச் சுத்தம் செய்து தினமும் பராமரித்தால் இரண்டு வயதுக்குள் பல குட்டிகளுக்கு அடங்கிவிடுகிறது. பூனை லுகேமியா, பூனை எய்ட்ஸ் வைரஸ்களுக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். சிவப்பு தொண்டை ஓரம் வரை பரவி, எச்சில் ஒழுகி, வாயைத் திறக்கும்போதே கத்தினால் அது வேறு நோய், ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டால் பத்து நாள் நன்றாக இருக்கும், காரணம் அப்படியே உள்ளே இருக்கும்.

கேள்வி: உலர் தீனி கொடுத்தால் பல் தானாகச் சுத்தமாகிவிடும் என்கிறார்களே? பிரஷ் பண்ணத்தான் வேண்டுமா?
வாசகி, சென்னை

பதில்: சாதாரண உலர் தீனியைப் பூனை பாதி கடிக்கும், பாதி அப்படியே விழுங்கும், கடித்ததும் நுனியிலேயே நொறுங்கிவிடும், ஈறு ஓரத்தைத் தொடுவதே இல்லை. பல்லுக்கென்றே பெரிய உருண்டையாகச் செய்கிற தீனி ஓரளவு உதவும். பிரஷ்தான் சிறந்தது, அதுவும் தினமும். ஆனால் ஈறு புண்ணாக இருக்கும்போது ஆரம்பிக்காதீர்கள், வலித்துவிட்டால் பிறகு ஆயுசுக்கும் பிரஷ்ஷைக் கண்டால் ஓடும். வைத்தியம் முடிந்து ஆறிய பிறகு, பூனை உங்களுக்கு முதுகு காட்டி மடியில் இருக்கட்டும், முதல் வாரம் உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காத கோழி வேகவைத்த தண்ணீரை விரலில் தொட்டு நக்க மட்டும் கொடுங்கள். அடுத்த வாரம் அதே விரலில் மெல்லிய துணி சுற்றி ஈறு ஓரம் தேயுங்கள். அப்புறம்தான் குழந்தைகளுக்கான மிருதுவான பிரஷ். வாயைத் திறக்க வேண்டாம், கட்டைவிரலால் உதட்டைத் தூக்கி மேல்வரிசை கடைவாய்ப் பற்களின் வெளிப்பக்கம் தேய்த்தால் பெரும்பகுதி வேலை முடிந்தது, உள்பக்கத்தை நாக்கு பார்த்துக்கொள்ளும். பேஸ்ட் பூனைக்கென்று விற்பதுதான், நம் பேஸ்ட்டில் உள்ள ஃப்ளோரைடையும் நுரையையும் அது துப்பாது, விழுங்கிவிடும். பக்கத்துக்கு அரை நிமிடம் போதும். மெய்ன் கூன் மாதிரி பெரிய பூனை திமிறினால் இழுத்துப் பிடிக்காமல் விட்டுவிடுங்கள், மறுநாள் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், பசியோடு வரும் நேரத்தில், மறுபடி உட்காருங்கள்.