ஒரு தீப்பெட்டியை எத்தனை துறைகள் ஆராயலாம்? பிஎச்.டி. சேரப்போகும் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: விருதுநகர் மாவட்டத்துக்காரி நான். எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கப் போகிறேன். எங்கள் வீட்டில் ஆராய்ச்சி என்றால் என் அண்ணன்தான். உயிர்த்தொழில்நுட்பத்தில் நான்காம் வருஷம். தினமும் லேபுக்குப் போகிறான், இரண்டு கட்டுரை வெளியிட்டுவிட்டான். "டேட்டா இல்லாம என்ன ஆராய்ச்சி? லைப்ரரியில உக்காந்து எழுத எதுக்கு அஞ்சு வருஷம்?" என்று கிண்டல் செய்கிறான். எங்கள் அம்மாச்சி தீப்பெட்டி ஆபீசில், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில், வேலை பார்த்தவர். அதைப் பற்றி ஆய்வு செய்ய ஆசை. தெரிந்தவர்களோ, "தமிழகத்தில் பெண் கல்வி: ஓர் ஆய்வு என்று எடு, சீக்கிரம் முடியும்" என்கிறார்கள். எதை எடுப்பது? எத்தனை பக்கம் எழுத வேண்டும்? கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டுமா?

பதில்: முதலில் அண்ணனிடம் ஒரு சேதி சொல்லுங்கள். டேட்டா உங்களுக்கும் உண்டு, அது ஃப்ரிட்ஜில் இருக்காது, அவ்வளவுதான். பழைய அரசாணையில் இருக்கும், கூலிப் பதிவேட்டில் இருக்கும், அம்மாச்சியின் நினைவில் இருக்கும். ஒவ்வொரு துறையும் எதைச் சான்றாக ஏற்றுக்கொள்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஆய்வேட்டின் நீளம், அதற்கு ஆகும் காலம், அதிலுள்ள தலைவலி எல்லாமே மாறுகின்றன. இது புரியாமல் ஒரு துறையின் அளவுகோலை இன்னொரு துறைக்கு வைத்துப் பார்த்து மனம் நொந்த மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானே அப்படி நொந்தவன்தான்.

தீப்பெட்டியையே எடுத்துக்கொள்வோம். ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் நடுவில் ஒரு தீப்பெட்டியை வைத்தால் எந்தெந்தத் துறைக்காரர்கள் வந்து எடுத்துப் போவார்கள்?

வேதியியல்காரர் குச்சியின் தலையில் உள்ள பொட்டாசியம் குளோரேட்டையும் பெட்டியின் பக்கவாட்டில் பூசிய சிவப்பு பாஸ்பரஸையும் பார்ப்பார். மருந்தில் ஒரு பொருளை மாற்றினால் எந்த வெப்பத்தில் பற்றும், எவ்வளவு புகை வரும் என்று அளப்பார். அவருக்குச் சான்று அளவீடு. அதே சோதனையை இன்னொருவர் இன்னொரு ஊரில் செய்தாலும் அதே எண் வர வேண்டும். உங்கள் அண்ணனின் துறைக்காரர், மருந்தைப் பிடித்துவைக்கும் விலங்குப் பசைக்குப் பதிலாக வேறு பசை தயாரிக்க முடியுமா என்று நுண்ணுயிரிகளோடு மல்லுக்கட்டலாம். பொதுச் சுகாதாரம் படிப்பவர் மருந்து முக்கும் அறையில் வேலை செய்பவர்களின் நுரையீரலைப் பார்ப்பார். ஒப்பிட, அந்த வேலை செய்யாத இன்னொரு கூட்டமும் அவருக்கு வேண்டும்.

பொருளியல்காரருக்கு இதில் ஒரு புதையலே இருக்கிறது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீதம், இயந்திரத்தில் செய்ததற்கு 18 சதவீதம். 2020 ஏப்ரலில் இரண்டையும் 12 சதவீதமாக்கினார்கள். கைத்தொழில் பட்டறைகளுக்கு என்ன ஆனது? முன்பும் பின்பும் ஒப்பிட்டுப் பார்க்க, அரசாங்கமே சோதனை நடத்திக் கொடுத்த மாதிரி. பொருளியலில் இப்படி அமையும் நிகழ்வுக்காகக் காத்துக் கிடப்பார்கள்.

மானுடவியல் மாணவி ஓராண்டு சாத்தூர்ப் பக்கம் வீடு எடுத்துத் தங்கி, பெண்களோடு உட்கார்ந்து தானும் பெட்டி ஒட்டக் கற்றுக்கொள்வாள். தமிழ்த்துறையில் கரிசல் எழுத்துக்களில் தீப்பெட்டி ஆபீஸ் எப்படி வருகிறது என்று ஒருவர் வாசிப்பார். கலை வரலாற்றுக்காரருக்கு லேபிள் போதும். அதில் அச்சான சாமி படங்களும் மிருகங்களும் ஒரு தனி உலகம். கணினி மாணவர் அந்த லேபிள்களை ஆயிரக்கணக்கில் ஸ்கேன் செய்து, எது எந்த அச்சகத்தில் அடித்தது என்று கணினியே பிரித்துச் சொல்லுமா என்று பார்ப்பார்.

சட்டக்காரர் எங்கே என்று கேட்காதீர்கள். அவர் 1996 டிசம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை, அதுதான் எம்.சி. மேத்தா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கை, கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றிய வழக்கு அது.

இப்போது நீங்கள், வரலாற்றுக்காரர். உங்கள் கேள்வியில் 'எப்போது', 'ஏன் அப்போது', 'யாருக்கு என்ன ஆனது' என்ற மூன்றும் இருக்க வேண்டும். 1913இல் இந்தியாவில் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடை செய்யும் சட்டம் வந்தது. தொழிலாளர்களின் தாடை எலும்பையே அரித்த பொருள் அது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள். 1934இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரிச் சட்டம் வந்தது. வரி என்று வந்துவிட்டால் அரசாங்கம் எண்ணத் தொடங்கும். எண்ணினால் காகிதம் சேரும். காகிதம் சேர்ந்த இடத்தில் வரலாற்று மாணவருக்கு வேலை உண்டு.

தெரிந்தவர்கள் சொன்ன 'தமிழகத்தில் பெண் கல்வி: ஓர் ஆய்வு' விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து வேண்டாம். 'ஓர் ஆய்வு', 'ஒரு பார்வை' என்று முடியும் தலைப்புகளைப் பார்த்தாலே எனக்குக் கொஞ்சம் பயம். எந்த ஆண்டு, எந்த ஊர், எந்தப் பெண்கள், எந்த ஆவணம் என்று எதுவும் அதில் இல்லை. சீக்கிரம் முடியும் என்பதும் பொய். எல்லை இல்லாத தலைப்பில் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் மூன்றாம் வருஷம் முழிப்பீர்கள். 'சாத்தூர் வட்டாரத்தில் வீட்டிலிருந்து தீப்பெட்டி ஒட்டிய பெண்கள், 1950–1986' என்று வையுங்கள். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது, அதனால் அங்கே நிறுத்த ஒரு காரணம் இருக்கிறது. காலத்தை ஏன் அங்கே தொடங்கினாய், ஏன் இங்கே முடித்தாய் என்று வைவாவில், அதாவது கடைசி வாய்மொழித் தேர்வில், கட்டாயம் கேட்பார்கள்.

தலைப்பை உறுதி செய்யும் முன் ஒரு சின்னப் பரிசோதனை. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஒரு வாரம் உட்காருங்கள். துறைத் தலைவரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போவது நல்லது. தொழிலாளர் துறை, தொழில் துறை அரசாணைகளின் அட்டவணையைப் புரட்டுங்கள். அப்புறம் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் பாருங்கள். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் தன் ஆசைக்குச் சேர்த்த புத்தகங்களிலிருந்து உருவான நூலகம் அது. அந்த ஒரு வாரத்தில் உங்கள் தலைப்புக்கு இருபது முப்பது ஆவணமாவது கண்ணில் பட்டால் தைரியமாக இறங்கலாம். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் ஆண்டை மாற்றுங்கள், ஊரை மாற்றுங்கள். நான் மாணவனாக இருந்தபோது இந்த வேலையைச் செய்யாமல் தலைப்பைப் பதிவு செய்துவிட்டேன். நான் நம்பியிருந்த பதிவேடுகளைக் கரையான் தின்று பத்து வருஷம் ஆகியிருந்தது. தலைப்பு மாற்ற விண்ணப்பித்து, குழு கூடி, அனுமதி வருவதற்குள் ஒன்றரை வருஷம் போயிற்று.

இன்னொரு வேலை வீட்டிலிருந்தே செய்யலாம். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் 'சோத்கங்கா' இணையதளத்தில் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் துறையில், நீங்கள் சேரப்போகும் பல்கலைக்கழகத்தில், கடந்த ஐந்தாறு வருஷத்தில் வந்த ஐந்து ஆய்வேடுகளை எடுங்கள். முழுக்கப் படிக்க வேண்டாம். முன்னுரை, இயல் தலைப்புகள், சான்றுப் பட்டியல், முடிவுரை போதும். அண்ணனின் துறையிலும் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அதில் 'பொருள்களும் முறைகளும்' என்று ஓர் இயல் இருக்கும், படங்கள் இருக்கும், எழுத்து குறைவாக இருக்கும். உங்கள் துறையில் எழுத்துதான் லேப்.

பக்கக் கணக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1950இல் பிரின்ஸ்டனில் ஜான் நாஷ் கொடுத்த கணித ஆய்வேடு 28 பக்கம்தான். பின்னாளில் பொருளியல் நோபல் வாங்கித் தந்தது அந்த வேலைதான். ஒரு தேற்றத்தை நிறுவிவிட்டால் கணிதத்தில் வேறு பேச்சு வேண்டியதில்லை. கேம்பிரிட்ஜில் வரலாற்று மாணவருக்கு 80,000 சொல் என்று மேல்வரம்பு வைத்திருக்கிறார்கள். நம்மூரில் 250, 300 பக்கம் என்று வாய்வழக்காக ஒரு கணக்கு ஓடுகிறது. அதை எட்ட வேண்டும் என்று மாவட்டத்தின் மழையளவு, மக்கள்தொகை, கோயில்கள் என்று முதல் இயலை நிரப்புவார்கள். உங்கள் வாதத்துக்கு மழையளவு தேவை என்றால் எழுதுங்கள். உண்மையில் உங்களுக்குத் தேவைதான்: வறண்ட பூமி, விவசாயம் பொய்த்த ஊர், குச்சி காயும் வெயில், இவை இல்லாமல் அந்தத் தொழில் அங்கே வேர்விட்டிருக்காது.

அண்ணனின் இரண்டு கட்டுரையைப் பார்த்துப் பதற வேண்டாம். அவர் கட்டுரையில் எத்தனை பேர் பெயர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். லேபில் நெறியாளரின் (கைடின்) புராஜெக்ட், நெறியாளரின் நிதி, சீனியர் பாதியில் விட்டுப்போன வேலை எல்லாம் சேர்ந்துதான் ஒரு கட்டுரை. அது தவறில்லை, அந்தத் துறையின் இயல்பு அது. ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து 2015இல் வந்த இயற்பியல் கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் ஆசிரியர்கள், நிறுவனங்களின் பட்டியல்தான். அந்தக் கூட்டத்தில் இருக்கும் ஆராய்ச்சி மாணவர் தன் ஆய்வேட்டில் தான் செய்த துண்டை மட்டும் பிரித்து எழுதுவார். உங்கள் துறையில் கட்டுரை என்றால் ஒரே பெயர், உங்கள் பெயர். எழுத ஒரு வருஷம் ஆகும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள் ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டன. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் கேட்கலாம். சேரும்போதே அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணம் கட்டினால் பத்து நாளில் அச்சேற்றும் இதழ்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

அதே விதிமுறைகளில் உங்களுக்குப் பயன்படுவது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு சலுகை. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்கு 240 நாள் விடுப்பு. பேராசிரியர் ஒருவர் ஒரே சமயத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் நெறியாளராக இருக்கலாம். நெறியாளரைத் தேடும்போது அவரிடம் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று அவருடைய மாணவர்களிடமே டீக்கடையில் விசாரியுங்கள். எம்.ஃபில். இப்போது கிடையாது. அதனால் முன்பு அதில் பழகிய ஆவண வாசிப்பை கோர்ஸ் வொர்க்கிலேயே பழகியாக வேண்டும்.

"ஒப்பிட்டுப் பார்ப்பதெல்லாம் ஆராய்ச்சியா?" என்று அண்ணன் அடுத்துக் கேட்பார். யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர் கைலாசபதி இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்த ஆய்வைச் சொல்லுங்கள். சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டார். 1968இல் ஆக்ஸ்ஃபோர்ட் அதை நூலாக வெளியிட்டது. அவர் முடிவுகளோடு சண்டை போட்டவர்கள் உண்டு. சண்டை போட வேண்டுமானாலும் அதே பாடல்களை எடுத்து மறுபடி படித்துக் காட்ட வேண்டியிருந்தது. லேபில் சோதனையைத் திரும்பச் செய்து பார்ப்பதற்கு நிகரான வேலை அது.

அறிவியலிலும் எல்லாம் திட்டப்படி நடந்துவிடுவதில்லை. ஜோசலின் பெல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது 1967இல் ரேடியோ தொலைநோக்கி பதிவு செய்த வரைபடத் தாளில் ஒரு சின்னக் கிறுக்கலைக் கவனித்தார். பல்சார் என்ற விண்மீன் வகை அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் அவர் பதிவு செய்திருந்த தலைப்பு வேறு, அதனால் அவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு ஆய்வேட்டின் பின்னிணைப்பில் போய் உட்கார்ந்தது. ஆவணம் தேடும்போது உங்களுக்கும் தலைப்புக்குப் பொருந்தாத ஏதாவது கிடைக்கும். ஒரு தனி நோட்டில் எழுதி வையுங்கள்.

திருட்டு எழுத்து விதிகளைப் பற்றி இரண்டு வரி. மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி, மற்றவர் எழுத்தோடு உங்கள் எழுத்து ஒத்துப்போவது 10 சதவீதம் வரை பிரச்சினை இல்லை. 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். மேற்கோள் குறியிட்டு மூலத்தைச் சொன்ன பகுதி கணக்கில் வராது. எனவே இந்த ஒப்புமையைக் கணக்கிடும் மென்பொருளுக்குப் பயந்து பழைய ஆவணத்தின் வாசகத்தை உங்கள் நடையில் திரித்து எழுதாதீர்கள். வரலாற்று மாணவருக்கு அதைவிடப் பெரிய தப்பு இல்லை.

சேர்க்கைக் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், அம்மாச்சியிடம் இந்த மாதமே உட்காருங்கள். ஒலிப்பதிவு செய்யலாமா என்று அவரிடமும் கேட்டுவிட்டே செய்யுங்கள், பாட்டிதானே என்று விடாதீர்கள். "கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டால் "ஆமா" என்பார், அதோடு முடிந்துவிடும். ஒரு கட்டுப் பெட்டிக்கு எவ்வளவு கூலி, யார் எண்ணினார்கள், எண்ணிக்கை குறைந்தது என்று சண்டை வந்ததா, பசையை யார் காய்ச்சினார்கள், மழை பெய்து குச்சி காயாத நாளில் கூலி உண்டா, ஆபீசுக்குப் போகும்போது கைக்குழந்தையை யாரிடம் விட்டார் என்று கேளுங்கள். பதிலில் வரும் ஒவ்வொரு முதலாளி பெயரையும், தெருப் பெயரையும், 'பெரியவன் பிறந்த வருஷம்' மாதிரியான காலக் குறிப்பையும் அன்றிரவே தேதி போட்டு எழுதி வையுங்கள். எழும்பூரில் எந்த அட்டவணையைப் புரட்டுவது என்று அந்த நோட்டுதான் உங்களுக்குச் சொல்லும்.