கோத்தகிரி இறக்கத்துக்கு ஒரு ஜோடி கையுறை

கேள்வி: அக்கா, எனக்கு 46 வயது. இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் ஈ.சி.ஆரில் சைக்கிள் ஓட்டுகிறேன். மாமல்லபுரம் போய்த் திரும்புவது பழகிவிட்டது. ஜனவரியில் நாங்கள் நாலு பேர் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறி, அன்றைக்கே இறங்கலாம் என்று இருக்கிறோம். "அந்தக் குளிரில் முட்டி போய்விடும்" என்கிறார் வீட்டுக்காரர். உடைக்கும் மற்றதுக்கும் என்ன ஏற்பாடு செய்யட்டும்?
- ஒரு வாசகி, அம்பத்தூர்

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். மாதத்தையும் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்யும். 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவில் போன உயிர்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஜனவரியில் பெரும்பாலும் வானம் தெளிந்துவிடும். பொங்கல் விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், மலைப்பாதை முழுக்கக் கார்களாக இருக்கும்.

முட்டியைப் பற்றி உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: குளிரைவிட அதைக் கெடுப்பது கனமான கியரில் மிதித்து ஏறுவதுதான். லேசான கியரில் கால் சுழன்றுகொண்டே இருக்கட்டும். முதல் அரை மணி நேரம் முட்டியை மூடுகிற மாதிரி கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். அது போதும்.

உடைக்கு வருகிறேன். சென்னைக்காரர்கள் எல்லோருக்கும் ஏற்றத்தை நினைத்துத்தான் பயம். 33 கிலோமீட்டரில் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள், கஷ்டம்தான். ஆனால் ஏறும்போது உடம்பே அடுப்பு மாதிரி எரியும், குளிர் தெரியாது. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறு டிகிரி வீதம் சூடு குறைந்துகொண்டே வருவதும் தெரியாது. இறங்கும்போதுதான் எல்லாம் சேர்ந்து தாக்கும். கால் மிதிக்காது, காற்று அடிக்கும், உடம்பில் ஈரத்துணி.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு ஜனவரியில் நான் இதே பாதையில் பருத்தி டி-சர்ட்டோடு ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது பிழிந்தால் சொட்டும், அவ்வளவு வியர்வை. டீ குடித்து, ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு, மூன்று மணிக்கு மேல் அப்படியே இறங்கினேன். நாலு கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை, பல் தந்தியடித்தது. விரல் மரத்துப்போய், பிரேக்கை அழுத்துகிறேனா இல்லையா என்பதைக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு தேயிலைத் தோட்டத்து ஓரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றேன். வேலை முடிந்து வந்த ஓர் அம்மா தன் பையிலிருந்து பழைய செய்தித்தாளை உருவி, "நெஞ்சுல வச்சுக்கோ கண்ணு, காத்து ஏறாது" என்று கொடுத்தார். டி-சர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன். நடுக்கம் நின்றது. அச்சு மை துணியில் ஒட்டிய கறை இன்னும் போகவில்லை. அந்த டி-சர்ட்டைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை.

அதனால், வியர்வை சீக்கிரம் காயும் பாலியஸ்டர் சட்டையில் ஏறுங்கள். பையில் காய்ந்த உள்சட்டை ஒன்று, காற்றுத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட், விரல் முழுக்க மூடும் கையுறை, இரண்டு தாள் செய்தித்தாள். மேலே போனதும் டீக்கு உட்காருமுன் சட்டையை மாற்றிவிடுங்கள். ஒன்றரை மணிக்குள் இறக்கத்தைத் தொடங்கிவிட வேண்டும். வெயில் இருக்கும்போதே கீழே வந்துவிடலாம்.

இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே வரக் கூடாது. ரிம் பிரேக் (சக்கரத்தின் வெளி வளையத்தையே அழுத்திப் பிடிக்கும் பிரேக்) என்றால் அந்த வளையம் சூடேறி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டுப் பிடியுங்கள். எதிரே ஏறி வரும் வண்டிக்குத்தான் மலையில் முதல் வழி.

இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிகாலையில் மேட்டுப்பாளையம். சென்ட்ரல் பார்சல் அலுவலகத்தில் டிக்கெட்டைக் காட்டி சைக்கிளை லக்கேஜாகப் பதிய வேண்டும். கொஞ்சம் முன்னதாகவே போங்கள், பெயரும் ஊரும் எழுதிய அட்டையை ஹேண்டில் பாரில் கட்டிவிடுங்கள். இறங்கியதும் அவசரப்பட்டு இருட்டில் கிளம்பாதீர்கள். போகிற வழியில் இருக்கும் குஞ்சப்பனை வரைக்கும் யானை நடமாட்டம் உண்டு. நன்றாக விடிந்த பிறகு, நாலு பேரும் சேர்ந்தே போங்கள். யானையைப் பார்த்தால் மணி அடிக்காமல், போனை எடுக்காமல், சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

தண்ணீர் பாட்டிலைச் சொல்ல மறந்துவிட்டேனே. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. சைக்கிள் பாட்டிலோ ஸ்டீல் பாட்டிலோ கொண்டுபோய் அங்கங்கே நிரப்பிக்கொள்ளுங்கள். குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் கால் மணிக்கு ஒரு வாய் குடித்தே ஆகவேண்டும்.

கேள்வி: சென்னையில் மலையே இல்லையே, ஏற்றத்துக்கு எங்கே பழகுவது?
- கல்லூரி மாணவர், பெரம்பூர்

பதில்: பரங்கிமலை இருக்கிறதே, தம்பி! சுமார் 300 அடிதான், ஆனால் காலை ஆறு மணிக்குப் போய்ப் பத்து முறை ஏறி இறங்கினால் 3,000 அடி. மேலே தேவாலயத்துக்கு வருபவர்களுக்கு வழிவிட்டு ஓட்டுங்கள். சென்னை வெயிலில் எரிச்சலாக இருந்தாலும் முழுக் கையுறையை மாட்டிக்கொண்டே இறங்கிப் பாருங்கள். அந்தத் துணி தடிமனோடு பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்பது மலைக்குப் போகுமுன் விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.